பிரீமியம் உனக்கு, பாதுகாப்பு எனக்கு

கார் இன்சூரன்ஸ் கட்டியவனுடைய கார் நொறுங்கினால் அவனுக்குப் பணம் வரும். ஆயுள் காப்பீடு கட்டியவன் போய்ச் சேர்ந்தால் அவன் குடும்பத்துக்குப் பணம் வரும். உலக வழக்கம் இதுதான். இதை மாற்றிக் காட்டிய பெருமை அமெரிக்க அரசைச் சேரும். 1934ல் அது ஒரு புது மாதிரிக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வீடு வாங்குகிறவர் பிரீமியம் கட்டுவார். வீடு கையைவிட்டுப் போனால் நஷ்டஈடு வங்கிக்குப் போகும். வீட்டை இழந்தவருக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்காதீர்கள். அவருக்கும் உண்டு, கதவில் ஒட்டிய நோட்டீஸ்.

இந்த அதிசயத்தை நடத்தும் அமைப்புக்கு எஃப்.எச்.ஏ. என்று பெயர். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். இது யாருக்கும் ஒரு டாலர் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுக்கும் வங்கியின் தோளில் கைபோட்டு, "தைரியமாகக் கொடு, கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் தருகிறேன்" என்று சொல்வதுதான் இதன் வேலை. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அரசு தரும் ஆதரவு என்று தொண்ணூறு ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்கள். ஆதரவு இருப்பது உண்மைதான். அது யாருக்கு என்பதை மட்டும் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் தங்கமான பிள்ளை ஒன்று உண்டு. பெயர் 203(கே). சட்டப் பிரிவின் எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். 1978ல் சட்டத்தைத் திருத்தி இதற்கு இன்றைய உருவம் கொடுத்தார்கள். கூரை ஒழுகி, குழாய் வெடித்து, கழிப்பறை உடைந்து கிடக்கும் வீட்டுக்குச் சாதாரணமாக வங்கி கடன் தராது. முதலில் பழுது பார், பிறகு வா என்று சொல்லும். கடன் கிடைத்தால்தானே வீட்டை வாங்க முடியும், வாங்கினால்தானே பழுது பார்க்க முடியும்? இந்தச் சிக்கலை 203(கே) தீர்த்துவைக்கிறது. வீட்டு விலையும் ரிப்பேர் செலவும் சேர்த்து ஒரே கடன். பழுது பார்த்து முடித்த பிறகு வீடு என்ன விலை பெறுமோ, அதைக் கணக்கில் வைத்தே கடன் தொகையை முடிவு செய்வார்கள். கடன் மதிப்பெண் 580 இருந்தால், கையிலிருந்து 3.5 சதவீதம் போட்டால் போதும்.

நல்ல யோசனை. இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கெட்ட யோசனையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நல்ல யோசனையைத் திருடர்கள் வந்துபோகும் சத்திரமாக வைத்திருக்கிறார்களே, அதனால்தான் வயிறு எரிகிறது.

இந்த நிர்வாகத்தின் தாராள மனதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் டெட்ராய்ட் நகரத்துக்குப் போகலாம். எட்டு மைல் சாலைக்குத் தெற்கே ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941ல் ஒரு கட்டுமான முதலாளி அங்கே வெள்ளையர்களுக்கு வீடு கட்டக் கிளம்பினார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது, ஆபத்தான இடம், உத்தரவாதம் தர முடியாது என்றது எஃப்.எச்.ஏ. முதலாளி யோசித்தார். நடுவே சுவரை எழுப்பினார். உடனே உத்தரவாதம் வந்தது. இனம் கலந்தால் சொத்து மதிப்பு குறையும் என்பது அந்த நிர்வாகத்தின் கையேட்டிலேயே அச்சாகியிருந்த ஞானம். கறுப்பருக்கு விற்க மாட்டோம் என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லி 1938ஆம் ஆண்டுப் பதிப்பு பரிந்துரையே செய்தது. சுவரின் இந்தப் பக்கம் இருந்தவனும் வரி கட்டினான், அந்தப் பக்கம் இருந்தவனும் வரி கட்டினான். வீட்டுக் கடன் ஒரு பக்கத்துக்கு, சுவர் இன்னொரு பக்கத்துக்கு. எண்பது ஆண்டு தாண்டியும் அது இடியாமல் நிற்கிறது. இந்த நிர்வாகத்தின் ஆசியோடு எழுந்தவற்றில் ரிப்பேர் கடன் கேட்காத கட்டுமானம் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளைக்காரனாக இருந்தால் மட்டும் பிழைத்தானா என்றால் அதுவும் இல்லை. 1957ல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் ஒரு தம்பதி வீடு பார்த்தார்கள். எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர் பார்த்து, 22,750 டாலர் பெறும் என்று எழுதிக்கொடுத்தார். அந்த மதிப்பை வாங்குகிறவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அரசாங்கமே பார்த்துச் சொல்லிவிட்டதே என்று 24,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். குடிபோன பிறகு சுவர்கள் விரிசல் விட்டன. அடிமண் களிமண். மதிப்பீட்டாளர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 1961ல் தீர்ப்பு வந்தது. தவறான தகவல் தந்ததற்காக அரசின் மேல் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அரசின் மதிப்பீடு முதன்மையாக அரசின் காப்பீட்டு நிதியைக் காக்கத்தான் என்று நீதிமன்றம் கையை விரித்தது. ஆக, மதிப்பீட்டுக் காகிதத்தை உங்கள் கையில் கொடுப்பார்கள். நீங்கள் படிக்கலாம், பெட்டியில் வைத்துப் பூட்டலாம். நம்பினால் அது உங்கள் குற்றம்.

இப்போது கதையின் கொழுத்த பகுதிக்கு வருவோம்.

1967ல் டெட்ராய்ட் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். மற்ற நகரங்களும் எரிந்தன. அதற்குப் பிறகுதான் வாஷிங்டனுக்கு ஏழைக் கறுப்பர்களும் வீட்டில் குடியிருக்க விரும்பக்கூடும் என்று தோன்றியது. 1968 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் 235ஆம் பிரிவுப்படி, கையிலிருந்து 200 டாலர் போட்டால் வீடு. வட்டியில் பெரும்பகுதியை அரசே கட்டும். வாங்குகிறவருக்கு ஒரு சதவீதம் வரைகூட இறங்கும். முப்பத்துநான்கு வருஷம் சாத்திக் கிடந்த கதவு திறந்தது. திறந்த கதவுக்கு முன்னால் ஏழைகள் வந்து நிற்பதற்குள் தரகர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் தொழில் செய்த விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அஸ்திவாரம் உளுத்த ஒரு பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கு. பெயின்ட் அடி. தரையில் ஓட்டை இருந்தால் மேலே லினோலியம் விரித்துவிடு. எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர் வருவார், அவர் பையில் ஏதாவது போடு. அவர் அஸ்திவாரத்தைப் பார்க்க மாட்டார், பெயின்டைப் பார்ப்பார். வாங்கிய விலை போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மதிப்பு எழுதிக்கொடுப்பார். அரசு உத்தரவாதம் தரும். வங்கி கடன் தரும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

யாருக்கு விற்பது? இங்கேதான் இவர்களுடைய மேதைமை. கடனை ஒழுங்காகக் கட்டக்கூடியவரைத் தேடுவதுதானே கடன் தொழில்? இவர்கள் கட்ட முடியாதவரைத் தேடிப் போனார்கள். அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களின் கதவைத் தட்டினார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்ததால், கடன் கொடுப்பவர்கள் லாபத்தைப் பத்திரம் முடிக்கும்போதே "பாயிண்ட்" என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். கடன் முப்பது வருஷம் நன்றாக ஓடினால் பாயிண்ட் ஒரு முறைதான். ஒரே வருஷத்தில் மூழ்கினால் பாக்கித் தொகையை அரசு கொடுத்துவிடும். அதே பணத்தை அடுத்த தாயிடம் கொண்டுபோய் மறுபடியும் பாயிண்ட் எடுக்கலாம். மூழ்கும் கப்பலில்தான் டிக்கெட் விலை அதிகம் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

அந்தத் தாய் குடிபோனாள். முதல் குளிர்காலத்தில் ஃபர்னஸ் செத்தது. குழாய் உறைந்து வெடித்தது. மின்கம்பி பொசுங்கியது. ரிப்பேர் செய்தால் தவணை கட்ட முடியாது. தவணை கட்டினால் பிள்ளைகள் குளிரில் நடுங்கும். அவள் வெளியேறினாள். வங்கி பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டின் சாவியை அரசிடம் கொடுத்தது. டெட்ராய்ட்டில் மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி அரசின் தலையில் விழுந்தன. ஜன்னல்களில் பலகை அடித்தார்கள். சில எரிந்தன, பல இடிக்கப்பட்டன. தெருவில் ஒன்று பலகை அடித்துக் கிடந்தால் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களின் வீட்டு மதிப்பும் விழும். அவர்கள் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று விசாரணை நடந்தபோது, அதிகாரிகள் பலருக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. அந்தத் தாய்மார்கள்தானாம்! அவர்களுக்கு வீடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லையாம், பராமரிக்கும் அனுபவம் போதாதாம். அடப் பாவிகளா! உளுத்த அஸ்திவாரத்தை மறைத்து விற்றவனுக்கு அனுபவம் இருந்தது, லஞ்சம் வாங்கி மதிப்புப் போட்டவனுக்கு அனுபவம் இருந்தது, மூழ்கும் என்று தெரிந்தே கடன் கொடுத்தவனுக்கு அனுபவம் இருந்தது. இத்தனை அனுபவசாலிகளுக்கு நடுவே நம்பிக் கையெழுத்துப் போட்டவள் ஒருத்திதான் குற்றவாளி! அவளுக்கு வகுப்பு எடுத்துத் திருத்த வேண்டுமாம்.

1972ல் புரூக்ளினில் நாற்பது பேர் மீதும் பத்து நிறுவனங்கள் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. எஃப்.எச்.ஏ. அதிகாரிகள் அதில் இருந்தார்கள். ஊரில் யாருடைய கடன் தகுதி எப்படி என்று அறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அப்போது வீட்டுவசதித் துறை அமைச்சராக இருந்தவர் ஜார்ஜ் ராம்னி, டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அவர் 1971 ஜனவரியில் பழைய வீடுகளுக்கு இந்த மானியத்தை நிறுத்திவைத்தார். 1973 ஜனவரியில் மானிய வீட்டுத் திட்டங்களே மொத்தமாக முடக்கப்பட்டன. கொள்ளையடித்தவர்கள் போய்விட்ட பிறகு, பசியோடு இருந்தவர்களுக்கு முன்னால் கடையைச் சாத்தினார்கள். பேராசிரியர் கீயாங்கா-யமாட்டா டெய்லர் 2019ல் வெளியிட்ட 'ரேஸ் ஃபார் ப்ராஃபிட்' நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். விலக்கி வைத்துச் சுரண்டிய காலம் முடிந்து, சேர்த்துக்கொண்டு சுரண்டும் காலம் தொடங்கியதை அதில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

பாடம் கற்றுக்கொண்டார்களா? கற்றுக்கொண்டார்கள், பாடம் எடுத்தது யார் என்பதுதான் கேள்வி. 1990களில் தங்கப்பிள்ளை 203(கே)யின் முறை வந்தது. முதலீட்டாளர்கள் இதில் புகுந்து விளையாடுவதைத் தணிக்கை காட்டிக்கொடுத்ததும், 1996ல் அவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். தானே குடியிருக்க வாங்குகிறவர்களோடு லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் அனுமதி தொடர்ந்தது. லாப நோக்கமற்றவர்கள் லாபம் பார்க்க மாட்டார்கள் அல்லவா? நியூயார்க்கின் ஹார்லமிலும் புரூக்ளினிலும் பாழடைந்த கட்டடங்களை ஊக வியாபாரிகள் மலிவாக வாங்கினார்கள். பொய் மதிப்பீட்டோடு பல மடங்கு விலையில் தொண்டு நிறுவனங்களின் தலையில் கட்டினார்கள். பெயரைக் கொடுத்ததற்குத் தொண்டு நிறுவனத்துக்குக் கட்டணம், பத்திரம் முடித்தவர்களுக்குக் கமிஷன், ரிப்பேருக்கு என்று ஒதுக்கிய பணத்துக்குச் சிறகு. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் அப்படியே பாழாய்க் கிடந்தன. அவற்றில் வாடகைக்கு இருந்தவர்கள் நியூயார்க் குளிரில் ஹீட்டர் இல்லாமல் விறைத்தார்கள். கடன் மூழ்கியது. அரசு கட்டியது. பிறகு அதே கட்டடங்களை உண்மையாகவே பழுது பார்க்க மறுபடியும் பொதுப்பணம் போனது. ஒரு கூரைக்கு இரண்டு முறை பணம் கொடுத்த நாட்டில், முதல் முறை போன பணம் எங்கே என்று கேட்டால் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் 203(கே) கடனுக்குப் போனால் என்ன நடக்கிறது? மூன்று லட்சம் டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். முன்கட்டணப் பிரீமியம் 1.75 சதவீதம், 5,250 டாலர். கையில் இல்லையா, கடனோடு சேர்த்துவிடுவார்கள். முப்பது வருஷம் அதற்கும் வட்டி. அது போக வருஷப் பிரீமியம் 0.55 சதவீதம், முதல் வருஷம் சுமார் 1,650 டாலர். முன்பணம் பத்து சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டவர் கடன் முடியும் வரை இதைக் கட்ட வேண்டும். இவ்வளவும், இந்தக் குடும்பம் கட்டத் தவறினால் வங்கி வருத்தப்படாமல் இருப்பதற்கு.

கையெழுத்துப் போடும் காகிதங்களையும் பார்த்துவிடுங்கள். "உங்கள் பாதுகாப்புக்காக" என்று தலைப்புப் போட்ட ஒரு தாள் வரும். வீட்டின் மதிப்புக்கோ நிலைமைக்கோ எஃப்.எச்.ஏ. உத்தரவாதம் தரவில்லை, உங்கள் காசில் ஒருவரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பிறகு இன்னொரு தாள் வரும். கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தது நானே, வேலையின் தரத்துக்கு அரசு பொறுப்பல்ல என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்று தொடங்கி, யார் யார் பாதுகாக்க மாட்டார்கள் என்ற பட்டியலோடு முடிகிறது.

ரிப்பேர் பணம் அந்தக் குடும்பத்தின் கைக்கு வராது. வங்கி அதைத் தனிக்கணக்கில் வைத்திருக்கும். பெரிய வேலை என்றால் அரசு அங்கீகரித்த ஆலோசகர் ஒருவரை வைத்து ஒவ்வொரு வேலையையும் பட்டியல் போட வேண்டும். வேலை முடிய முடிய அவர் வந்து பார்ப்பார். ஐந்து தவணைக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு தவணையிலும் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தருவார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். புதிதாக நீச்சல் குளம் கட்டக் கூடாது. ஏழை நீச்சல் குளம் கட்டிவிடுவான் என்ற பயம் நியாயம்தானே! கைக்காசைப் போட்டு வேலையைச் செய்துவிட்டுக் காத்திருக்கப் பல கான்ட்ராக்டர்கள் தயாராக இல்லை. இவ்வளவு காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழ வங்கிகளில் பெரும்பாலானவை தயாராக இல்லை. ஆகவே திட்டம் சட்டப் புத்தகத்தில் மிக நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹார்லமில் காணாமல் போன பணத்தைப் பார்த்த பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் ஆணி வைத்திருப்பவனுக்கு இவ்வளவு கண்காணிப்பு. பேனா வைத்திருப்பவனுக்கு எவ்வளவு? விதிகளைப் பூர்த்தி செய்யாத கடன்களுக்கு எஃப்.எச்.ஏ. உத்தரவாதம் வாங்கிய வழக்குகளில் ஜே.பி. மோர்கன் சேஸ் 2014ல் 61.4 கோடி டாலர் கட்டியது. வெல்ஸ் ஃபார்கோ 2016ல் 120 கோடி டாலர் கட்டியது. பெரிய தொகைதான். அரசை ஏமாற்றியதற்காக அரசுக்குக் கட்டிய தொகை. வீட்டை இழந்தவர்களுக்கு இதில் பங்கு கேட்க யாரும் இல்லை. இரண்டு பெரியவர்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்போது சின்னவர்கள் நடுவே பேசக் கூடாது.

ஆகையால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். புதிதாக எந்தச் சட்டமும் எழுத வேண்டாம். எழுதியிருப்பதை இடம் மாற்றினால் போதும். கடன் மூழ்கிவிட்டது, பணம் கொடு என்று வங்கி வந்து நிற்கும்போது, 203(கே) விதிகளை அப்படியே அதன் மேல் போடுங்கள். மொத்தமாகத் தராதீர்கள், ஐந்து தவணையாகத் தாருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஆலோசகர் ஒருவர் வங்கிக்குப் போகட்டும்; அவருக்கான கட்டணத்தை வங்கியே கட்டட்டும். இந்தக் கடனை எழுதியவர் யார், மதிப்புப் போட்டவர் யார், எந்த நாளில் அஸ்திவாரத்தைப் பார்த்தார், ரசீது எங்கே என்று அவர் பட்டியல் போட்டுக் கேட்கட்டும். பன்னிரண்டு மாதத்தில் ஒழுங்கான பதில் வராவிட்டால் மீதிப் பணம் கிடையாது. ஒவ்வொரு தவணையிலும் பத்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். அந்தப் பத்து சதவீதம், அந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கிக்கு. அவள் கையெழுத்துப் போட மறுத்தால், இத்தனை வருஷம் பிரீமியம் கட்டியவள் அவள்தானே, பணம் அவளுக்கே.

ஐயோ, இப்படி அலைக்கழித்தால் எந்த வங்கி கடன் கொடுக்க முன்வரும் என்று பொருளாதார அறிஞர்கள் கூப்பாடு போடுவார்கள். போடட்டும். இதே அலைச்சலைக் கூரை ஒழுகும் வீட்டுக்காரி பட்டபோது அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒழுங்கு.